இரட்டை பிராசசர் சதுரங்கக் கணினி: கிளாக்கை ஏற்றினால் ஆட்டம் ஏறுமா?

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றதிலிருந்து, சதுரங்கம் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளில் கணினிப் பேச்சு அதிகமாகிவிட்டது. திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர் பக்கமும் அப்படித்தான். பெரிய நிறுவனங்கள் கழித்துப்போடும் பழைய சர்வர் பிராசசர்கள் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டு பிராசசர் பொருத்தும் மதர்போர்டும் வாங்கிவிடலாம். திருத்தணியில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மற்ற பாகங்களையும் பொறுக்கிக்கொண்டு திரும்பலாம். அப்புறம்தான் குழப்பம். ‘ஓவர்கிளாக் செய்தால், அதாவது பிராசசரை நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், இன்னும் 20, 30 சதவீதம் வேகம் வரும்’ என்று ஒருவர் சொல்கிறார். ‘எரிந்துபோகும், தொடாதே’ என்று இன்னொருவர் சொல்கிறார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அடிப்படையிலிருந்து பார்த்தால்தான் எந்தப் பாதி என்று தெரியும்.

சதுரங்க எஞ்சின் என்ன வேலை செய்கிறது?

சதுரங்கத்தில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்த்தல்கள் சாத்தியம். ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு அதே அளவு பதில்கள். எஞ்சின் என்பது ஆட்டத்தை ஆராயும் மென்பொருள். அது இந்தக் கிளைகளில் இறங்கிப் போய், கடைசியில் கிடைக்கும் நிலைக்கு ஒரு மதிப்பெண் போட்டுத் திரும்புகிறது. ஒரு விநாடிக்கு எத்தனை நிலைகளைப் பார்க்கிறது என்பதுதான் அதன் வேக அளவு. 1997-இல் காஸ்பரோவை 3.5–2.5 என்று வென்ற டீப் புளூ கணினி விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. அதற்காக 480 தனிச் சதுரங்கச் சிப்புகளைச் செய்து பொருத்தியிருந்தார்கள்.

2006-இல் பான் நகரில் அப்போதைய உலகச் சாம்பியன் கிராம்னிக்கை டீப் ஃபிரிட்ஸ் என்ற மென்பொருள் 4–2 என்று வென்றது. அது ஓடியது இன்டெலின் சர்வர் பிராசசரான ஜியான் இரண்டைப் பொருத்திய ஒரு கணினியில். விநாடிக்கு 80 லட்சம் நிலைகள்தான். டீப் புளூவின் வேகத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. வென்றது தேடும் முறையின் சாமர்த்தியம். வேகத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் முதலில் மனதில் வைக்கவேண்டிய கணக்கு இது.

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ். 2020-இல் வந்த அதன் 12-ஆம் பதிப்பிலிருந்து நிலைகளை மதிப்பிடுவது ஒரு சிறிய நியூரல் நெட்வொர்க். ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் வசதி பிராசசரில் இருந்தால் அது பாய்ந்து ஓடும். அந்த வசதியின் பெயர் ஏவிஎக்ஸ்2. பின்னால் இதுதான் முக்கியமாகப் போகிறது.

கிளாக், மல்டிபிளையர், வோல்ட்

பிராசசர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. அந்தத் தாளம் இரண்டு எண்களின் பெருக்கல்: மதர்போர்டு தரும் அடிப்படைக் கிளாக், பிராசசருக்குள் இருக்கும் மல்டிபிளையர். அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிபிளையர் 30 என்றால் 3 கிகாஹெர்ட்ஸ். இரண்டில் ஒன்றை நிறுவனம் வைத்த அளவுக்கு மேல் ஏற்றுவது ஓவர்கிளாக்கிங். தாளம் வேகமாகும்போது டிரான்சிஸ்டர்கள் அந்தக் குறுகிய நேரத்துக்குள் மாறி முடிக்கவேண்டும். முடிக்க முடியாவிட்டால் விடை தப்பாகும். அதனால் வோல்ட்டையும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கிறார்கள்.

1998-இல் வந்த இன்டெலின் செலரான் 300ஏ என்ற சிப் இந்த வித்தையில் பேர் வாங்கியது. மல்டிபிளையர் 4.5 என்று பூட்டியிருந்தாலும், போர்டின் கிளாக்கை 66-இலிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-இல் ஓடியது. அடுத்த ஆண்டு அபிட் நிறுவனத்தின் பிபி6 போர்டு வந்தது. அதில் இரண்டு மலிவு செலரான்களைச் சேர்த்துப் பொருத்தலாம். 366 மெகாஹெர்ட்ஸ் சிப்புகளை 550-இல் ஓட்டினார்கள். வீட்டில் கட்டிய இரட்டை பிராசசர் கணினி என்ற ஆசை பரவலானது அங்கிருந்துதான். 2010-இல் ஈவிஜிஏ எஸ்ஆர்-2 என்ற போர்டு அதே ஆசையை உச்சத்துக்குக் கொண்டுபோனது: எக்ஸ்5650 என்ற ஆறு கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி) ஜியான் இரண்டைப் பொருத்தி, அடிப்படைக் கிளாக்கை 133-இலிருந்து 200-க்கு ஏற்றினால், 2.66 கிகாஹெர்ட்ஸ் சிப் 4 கிகாஹெர்ட்ஸ்.

அதற்குப் பிறகு கதவு மூடிக்கொண்டது. 2012 முதல் வந்த இ5-2600 வரிசை ஜியான்களில் மல்டிபிளையர் பூட்டிய நிலையில்தான் வருகிறது. அடிப்படைக் கிளாக்கையும் விருப்பத்துக்கு ஏற்ற முடியாது. டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு போகும் பாதைகளும் அதே கிளாக்கில் கட்டப்பட்டிருப்பதால் 100 என்பது சில மெகாஹெர்ட்ஸ் தாண்டினாலே டிஸ்க் காணாமல் போவது, கோப்பு கெடுவது என்று தொடங்கிவிடும்.

இங்கேதான் சதுரங்கக் கணினி கட்டுபவரின் உண்மையான சிக்கல். தாராளமாகக் கிளாக் ஏற்றவிடும் எக்ஸ்5650-இல் ஏவிஎக்ஸ்2 கிடையாது. ஏவிஎக்ஸ்2 உள்ள, அந்த இ5 வரிசையின் மூன்றாம், நான்காம் தலைமுறைகளான வி3, வி4-இல் கிளாக் ஏற்ற முடியாது. 4 கிகாஹெர்ட்ஸ் என்ற எண்ணைப் பார்த்து பழைய சிப்பை வாங்கினால், நியூரல் நெட்வொர்க் எஞ்சினில் அந்த வேகத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும். இடையில் வந்த இ5 வி1, வி2 இரண்டிலும் கூட ஏவிஎக்ஸ்2 இல்லை. விலைப்பட்டியலில் அவை கவர்ச்சியாகத் தெரியும். சதுரங்கத்துக்கு வாங்குபவர் அவற்றைத் தாண்டிப் போகவேண்டும்.

வி3 தலைமுறைக்கு மட்டும் ஒரு தந்திரம் உண்டு. கணினியைத் தொடங்கிவைக்கும் போர்டு மென்பொருளான பயாஸிலிருந்து மைக்ரோகோடை (சிப்பின் நடத்தையைத் திருத்தும் நிரல்) நீக்கினால், ஓரிரு கோர்களுக்கு மட்டும் கிடைக்கவேண்டிய உச்ச டர்போ வேகம் (நிறுவனமே அனுமதிக்கும் கூடுதல் வேகம்) எல்லாக் கோர்களுக்கும் திறந்துகொள்ளும். சில விற்பனையாளர்கள் ‘ஓவர்கிளாக் செய்தது’ என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இதைத்தான். இதில் இரண்டு விஷயம்: நிறுவனம் கொடுத்த பிழைத்திருத்தங்களும் மைக்ரோகோடோடு சேர்ந்து போய்விடும், சிப்பின் மின்திறன் வரம்பு மட்டும் அப்படியே இருக்கும். ஏவிஎக்ஸ்2-ஐ முழுமூச்சாக ஓட்டும் சதுரங்க எஞ்சின் அந்த வரம்பில் சீக்கிரம் முட்டிக்கொள்ளும். எழுதியிருக்கும் வேகம் ஒன்று, வரும் வேகம் வேறு.

இரண்டு பிராசசர் என்றால் இரண்டு மடங்கு இல்லை

ஸ்டாக்ஃபிஷ் 2016 முதல் பயன்படுத்தும் முறையில் எல்லா த்ரெட்டும் (கோர்களில் இணையாக ஓடும் தேடல்கள்) ஒரே நிலையைத் தனித்தனியாகத் தேடுகின்றன. கண்டதை ஹாஷ் டேபிள் என்ற பொதுக் குறிப்பேட்டில் எழுதி வைக்கின்றன. மற்ற த்ரெட்டுகள் அதைப் பார்த்து வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. இருந்தாலும் ஒரே கிளையை இருவர் தேடுவது தவிர்க்க முடியாது. 14 கோரை 28 ஆக்கினால் விநாடிக்குப் பார்க்கும் நிலைகள் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆட்ட பலம் அந்த அளவுக்கு ஏறாது.

ஓவர்கிளாக்கிங்குக்கு ஆதரவான நியாயமான வாதம் இங்கே இருக்கிறது. கிளாக் ஏறினால் ஒவ்வொரு த்ரெட்டும் தன் வேலையையே சீக்கிரம் முடிக்கிறது, வீண்வேலை கூடுவதில்லை. 10 சதவீதம் கோர் கூட்டுவதைவிட 10 சதவீதம் கிளாக் கூட்டுவது சதுரங்கத்தில் பலன் அதிகம். அதை மறுக்க முடியாது.

இன்னொரு விஷயம் நினைவகம். இரட்டைச் சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) போர்டில் ஒவ்வொரு பிராசசருக்கும் தனி ராம். தன் பக்கத்து ராமை எடுப்பது சீக்கிரம். எதிர்ப்பக்கத்து ராமை எடுக்கச் சுற்றிப் போகவேண்டும். காசு மிச்சம் என்று முதல் பிராசசர் பக்கம் மட்டும் ராம் போட்டால், இரண்டாவது பிராசசரின் அத்தனை கோர்களும் ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கவேண்டியதுதான். இ5 வி3, வி4 சிப் ஒவ்வொன்றுக்கும் ராமுக்கு நான்கு பாதை (சானல்) இருக்கிறது; இரண்டு பக்கமும் நான்கு நான்காக எட்டு ராம் போடுவதே சரி. எந்த ராம் எந்தப் பிராசசர் பக்கம் என்று காட்டும் நூமா அமைப்பைப் பயாஸில் இயக்கி, இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ளும் புதிய ஸ்டாக்ஃபிஷ் பதிப்பைப் போடவேண்டும். இதெல்லாம் வெப்பமே இல்லாமல் கிடைக்கும் வேகம்.

20 சதவீதம் ஆட்டத்தில் எவ்வளவு?

வேகம் இரட்டித்தால் எஞ்சினின் ஈலோ (ஆட்ட பலத்தைக் காட்டும் புள்ளி) 50 முதல் 70 வரை ஏறும் என்பது பழகிப்போன கணக்கு. நீண்ட நேர ஆட்டங்களில் இது இன்னும் சுருங்குகிறது. இரட்டிப்புக்கு 60 என்று வைத்துக்கொண்டால்:

1. 10 சதவீத வேகத்துக்குச் சுமார் 8 ஈலோ.
2. 20 சதவீதத்துக்குச் சுமார் 16.
3. 50 சதவீதத்துக்குச் சுமார் 35.

இது எஞ்சினுக்கும் எஞ்சினுக்கும் இடையிலான வித்தியாசம். சாதாரண லேப்டாப்பில் ஓடும் ஸ்டாக்ஃபிஷே உலகச் சாம்பியன்களைவிட பல நூறு புள்ளி மேலே நிற்கிறது. 1,500 மதிப்பெண்ணில் ஆடும் பிள்ளைக்கு இந்த 16 புள்ளியால் எதுவும் கூடாது, குறையாது. இதைப் பெற்றோர்களுக்கு அழுத்திச் சொல்லவேண்டும்: பிள்ளையின் பயிற்சிக்காக ஓவர்கிளாக் தேவையே இல்லை.

நேரமாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. 20 சதவீதம் வேகம் என்றால் 12 நிமிட ஆய்வு 10 நிமிடத்தில் முடியும். அவ்வளவுதான். எஞ்சின் பயன்படுத்த அனுமதி உள்ள கடிதவழிச் சதுரங்கம் ஆடுபவர்கள், ஒரு தொடக்க வரிசையை இரவெல்லாம் தோண்டும் பயிற்சியாளர்கள் போன்றவர்களுக்கு இது பொருட்படுத்தத்தக்கது. மற்றவர்கள் இரண்டு நிமிடம் காத்திருக்கலாம்.

வெப்பம்: நம் ஊரில் இதுதான் நீதிபதி

பிராசசர் இழுக்கும் மின்திறன் கிளாக்கோடு நேராகவும், வோல்ட்டின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. கிளாக் 20 சதவீதம், வோல்ட் 10 சதவீதம் ஏற்றினால் 1.2 × 1.1 × 1.1 = 1.45. அதாவது 20 சதவீத வேகத்துக்கு 45 சதவீதம் அதிக வெப்பம். சிப் சூடானால் கசிவு மின்னோட்டமும் சேர்ந்து ஏறுவதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும்.

கூலர் என்ன செய்கிறது? சிப்பை அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரியில் நிறுத்துகிறது. அறையைவிடக் கீழே அதனால் கொண்டுவர முடியாது. ஒரு கூலர் சாதாரண ஓட்டத்தில் சிப்பை அறையைவிட 45 டிகிரி மேலே நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்திறன் 45 சதவீதம் ஏறினால் அந்த இடைவெளி 65 டிகிரி ஆகும்.

- அறை 25 டிகிரி: சாதாரணமாக 70, ஓவர்கிளாக்கில் 90.
- அறை 38 டிகிரி: சாதாரணமாக 83, ஓவர்கிளாக்கில் 103.

குளிர் நாட்டில் எழுதிவைத்த அமைப்புகள் முதல் வரிக்கு உரியவை. கத்திரி வெயிலில் வெளியே 40-ஐத் தாண்டும் திருத்தணியில், பகலெல்லாம் சூட்டை வாங்கிய தளத்துக்குக் கீழே இருக்கும் அறை இரண்டாம் வரி. 100 டிகிரியை ஒட்டியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ளக் கிளாக்கைத் தானே இறக்கும். அப்போது ஓவர்கிளாக் செய்த கணினி செய்யாததைவிட மெதுவாக ஓடக்கூட வாய்ப்பு உண்டு. இரட்டைச் சாக்கெட்டில் இன்னொரு தொல்லை: பல போர்டுகளில் இரண்டு சாக்கெட்டும் ஒரே காற்று வழியில் அமைந்திருக்கும். முதல் ஹீட்சிங்க் கக்கும் சூடான காற்றுதான் இரண்டாவதற்குக் கிடைக்கிறது. அளவெடுக்கும்போது எப்போதும் இரண்டாவது பிராசசரைத்தான் பார்க்கவேண்டும்.

சிப்பைவிட முதலில் சாவது பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதி. மலிவு இரட்டை போர்டுகளில் வோல்ட் மாற்றும் விஆர்எம் மீது சின்னத் தகடு ஒன்றுதான் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது. மின்னோட்டம் ஏறினால் அங்கே கை வைக்க முடியாது. தனி ஃபேன் ஒன்று அதன்மேல் படும்படி மாட்டுவது சில நூறு ரூபாய் வேலை. ஓவர்கிளாக் செய்யாதவர்களும் செய்யவேண்டியது.

கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்கள். 120 வாட் சிப் இரண்டு 240 வாட். 45 சதவீதம் ஏறினால் 348. கூடுதல் 108 வாட். தினம் 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 52 யூனிட். தமிழ்நாட்டுப் பக்கம் இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறுகிறது. ஏசி ஓடும் கோடையில் இந்த 52 யூனிட் அந்தக் கோட்டைத் தாண்டவைக்கலாம். ஆந்திராவில் இருக்கும் நகரி பக்கம் மாதாமாதம் பில் என்பதால் கணக்கைப் பாதியாக்கிப் பார்க்கவேண்டும்.

தறி ஓடும் ஊரில் மின்சாரம்

நகரி, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் எல்லாம் விசைத்தறி ஊர்கள். நின்றிருந்த கரண்ட் திரும்ப வந்ததும் தெருவில் வரிசையாகத் தறிகள் கிளம்பும். ஒரு மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். டியூப் லைட் ஒருமுறை மங்கித் தெளியும். அந்த மங்கல்தான் கணினிக்குச் சோதனை.

கணினியின் பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தைக் கொண்டு முழுச் சுமையில் சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்கும். சுமை குறைவாக இருந்தால் கூடுதலாகத் தாங்கும். ஓவர்கிளாக் செய்து அதன் வரம்பை ஒட்டி ஓட்டுகிறவர் இந்த ஓரத்தை இழந்துவிடுகிறார். இரட்டை பிராசசர் கணினிக்குத் தேவையைவிட ஒன்றரை மடங்கு திறனுள்ள பவர் சப்ளை போடுவது வீண் செலவு இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால் தரமான பவர் சப்ளைகள் சில அதோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும்; சைன் வேவ் யுபிஎஸ்தான் பொருத்தம். பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்துபோகும் என்பதையும் மறக்கவேண்டாம். தண்ணீர் ஊற்றுவது கணினிக்கும் சேர்த்துத்தான்.

சத்தமில்லாத தவறு

ஓவர்கிளாக் தோற்றால் கணினி நின்றுபோகும் என்று நினைக்கிறோம். நின்றுபோனால் அது அதிர்ஷ்டம். மோசமானது, நிற்காமல் தப்பான விடையோடு ஓடுவது.

சதுரங்கத்தில் இது எப்படி வெளிப்படும்? ஒரு கோர் கணக்கில் ஒரு பிட் மாறிவிட்டது என்று வையுங்கள். ஒரு நிலைக்கு +0.3 வரவேண்டிய இடத்தில் +2.8 என்று ஹாஷ் டேபிளில் ஏறிவிடுகிறது. டேபிளிலிருந்து எடுக்கும் நகர்த்தல் விதிப்படி சரியா என்று எஞ்சின் பார்த்துவிடும். மதிப்பெண் சரியா என்று பார்க்க அதற்கு வழியில்லை. மற்ற 27 த்ரெட்டுகளும் அதை நம்பி மேலே போகும். சர்வர் போர்டில் போடும் ஈசிசி ராம் தன்னிடம் ஒரு பிட் மாறினால் திருத்திவிடும். பிராசசருக்குள்ளேயே தப்பாக வந்த விடையை அது நம்பிக்கையோடு பத்திரப்படுத்தும்.

இதற்கு ஸ்டாக்ஃபிஷிலேயே அருமையான சோதனை இருக்கிறது. கறுப்புத் திரையில் ‘பெஞ்ச்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் குறிப்பிட்ட சில நிலைகளை ஒரே த்ரெட்டில், ஒரே ஆழத்துக்குத் தேடி மூன்று வரி அச்சிடும்: எடுத்த மொத்த நேரம், தேடிய நிலைகளின் எண்ணிக்கை, விநாடிக்கு எத்தனை நிலை. நேரம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். நடு வரியில் லட்சக்கணக்கில் வரும் எண்ணிக்கை மட்டும், அதே பதிப்பு என்றால், எந்தக் கணினியிலும் எந்த நேரத்திலும் கடைசி இலக்கம் வரை மாறக்கூடாது. ஒன்று மாறினாலும் அந்தக் கோர் எங்கோ தப்பாகக் கணக்கிட்டிருக்கிறது. பல த்ரெட் வைத்து ஓட்டினால் எண்ணிக்கை இயல்பாகவே மாறும் என்பதால் இந்தச் சோதனையை ஒரு த்ரெட்டில்தான் செய்யவேண்டும். பெஞ்ச்சை ஒரு நேரத்தில் ஒரு குறிப்பிட்ட கோரில் மட்டும் ஓடும்படி கட்டி, கோர் கோராக ஓட்டவேண்டும். மற்ற கோர்கள் அந்த நேரத்தில் முழுச் சுமையில் இருக்கவேண்டும். சும்மா இருக்கும் கணினியில் எல்லாக் கோரும் நல்லபிள்ளைதான்.

எந்த வரிசையில் செய்வது?

1. ஏவிஎக்ஸ்2 உள்ள சிப்பை வாங்குங்கள். அதற்கான ஸ்டாக்ஃபிஷ் பதிப்பையே போடுங்கள். பொதுப் பதிப்பைப் போட்டுவிட்டு வேகம் போதவில்லை என்று கிளாக்கைத் தேடுபவர்கள் நிறைய.

2. ராமை இரு பக்கமும் சமமாக நிரப்பி, நூமா, லார்ஜ் பேஜஸ் (நினைவகத்தைப் பெரிய துண்டுகளாகக் கையாளும் வசதி) இரண்டையும் இயக்குங்கள்.

3. பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். பல ஆண்டுகள் சர்வரில் கிடந்த சிப்பில் அது காய்ந்து பொருக்காகியிருக்கும்.

4. போர்டு அனுமதித்தால் முதலில் வோல்ட்டைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மின்திறன் வரம்பில் முட்டும் சிப்பில் வோல்ட் குறைந்தால் அதே வாட்டில் கிளாக் தானாகவே மேலே போகும். பூட்டிய ஜியானில் வேகம் கூட்ட இதைவிட நல்ல வழி இல்லை. பெஞ்ச் சோதனை இதற்கும் பொருந்தும்; வோல்ட் குறைந்தாலும் கணக்கு தப்பும்.

5. இதெல்லாம் முடிந்து, கிளாக் ஏற்றவிடும் போர்டும் சிப்பும் இருந்தால் மட்டும், சிறு சிறு படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் பெஞ்ச், அப்புறம் ஒரு முழுப் பகல் ஓட்டம். இரவில் தாங்கியது பகலில் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பயாஸில் அமைப்புகளைப் பெயர் வைத்துச் சேமிக்கும் வசதி பெரும்பாலான போர்டுகளில் உண்டு. மார்கழிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது சித்திரை அமைப்புக்கு மாற்றி, எல்லாக் கோரிலும் பெஞ்ச்சை ஒருமுறை ஓட்டி, நடு வரி எண்ணைச் சரிபார்த்த பிறகு ஆய்வைத் தொடரலாம்.